பவுனு மட்டும் தரையில் நின்றது

வெள்ளாரங்கோட்டையில் முதன்முதலாக மேலே போனது, ஊரார் பின்னால் பெருமைக்குச் சொல்லிக்கொண்டதுபோலக் கோயில் காளை இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இஸ்திரி வண்டி போட்டிருந்த சுடலியின் வெள்ளாட்டுக் குட்டிதான். கார்த்திகை மழை விட்டு வெயில் மஞ்சளாக அடித்த ஒரு காலையில், மகள் பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய சுடலி பஸ்ஸை விட்டு இறங்கி, தெருமுனையிலிருந்தே "ஏட்டி என் தங்கம்" என்று கூப்பிட, அந்தக் குட்டி ஒரு துள்ளு துள்ளி, இன்னொரு துள்ளு துள்ளி, அடுத்த துள்ளலில் கீழே இறங்க மறந்துபோய், வண்டியின் தகரக் கூரைக்கு மேலே அந்தரத்தில் நின்று, நாலு காலாலும் காற்றை அளைந்துகொண்டு கத்தியது. சுடலி அண்ணாந்து பார்த்தாள். தேய்த்து அடுக்கிய துணிமேல் புழுக்கை போட்டுவிடாதே என்று அதட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியில் கரி போடப் போனாள்.

மத்தியானத்துக்குள் பால்காரத் தெருவில் பசுக்கள் போயின. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் நாய்கள். பிள்ளைகள் புத்தகப் பையோடு தெருவுக்குள் திரும்பத் திரும்ப, வாசலுக்கு வாசல் ஒரு நாய் வாலைச் சுழற்றிக்கொண்டு எழும்பி, ஓட்டு விளிம்பைத் தாண்டி, மாடியில் காயப்போட்ட பாவாடை தாவணிகளைத் தாண்டி, வேப்ப மரத்துக் கொண்டை வரைக்கும் போய், அங்கிருந்து தன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாற்போல் நாக்கைத் தொங்கப் போட்டது. பூனைகள் மட்டும் இரண்டு நாள் யோசித்தன. பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மேலே போய்ப் பார்த்து, இடம் பிடித்திருந்ததால், அந்த உயரத்திலேயே படுத்துத் தூங்க ஆரம்பித்தன. கோழிகள் நாள் பூராவும் ஒரு சாண் உயரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன. அது சந்தோஷமா பதற்றமா என்று எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சட்டம் எளிமையானது, சின்னப் பிள்ளைக்கும் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. எந்த ஜீவனுக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு உயரம். சந்தோஷம் தணிந்தால் அதுவாக இறங்கிவிடும். ஏன் இப்படி என்று கேட்க அந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் கறக்கிற மாடு தலைக்கு மேலே நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஏணியை எங்கே சாய்ப்பது என்பதுதான். ஆகவே ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, யோசனைதான் தேவைப்பட்டது. யோசனைக்கு ஆவுடையப்பன் இருந்தார்.

ஆவுடையப்பன் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை ஒரே அளவில் கத்தரித்து, சட்டைக்கு மேல்பட்டன் வரைக்கும் போட்டு, பேசும்போது ஒரு விரலை மட்டும் நீட்டுகிறவர். உள்ளூர் கேபிள் டிவியில் தினமும் சாயங்காலம் 'வாயில்லா ஜீவன்' என்ற நிகழ்ச்சி அவருடையது. முதலில் செய்தி, எந்தத் தெருவில் நாய் காணாமல் போனது, எந்த வீட்டில் பூனைக்குட்டி கொடுக்கக் கிடைக்கும், தடுப்பூசி முகாம் எங்கே என்று, அடுத்து யோசனைகள், அதற்கடுத்து நேயர்களின் தொலைபேசிக் கேள்விகள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில், காமிராவில் தெரிகிற மாதிரி, அவருடைய நாய் பவுனு உட்கார்ந்திருக்கும். செம்பழுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை, நாட்டு நாய். குட்டியாக மழையில் நனைந்து வந்ததை எடுத்து அவரே வளர்த்தார், அவரே பழக்கினார். ஊரில் அத்தனை மரியாதையான நாய் கிடையாது. யார் மேலும் தாவாது, யார் வேட்டியிலும் மண்ணை அப்பாது, சோற்றை வைத்துவிட்டு "பொறு" என்றால் எச்சில் வடிய வடியப் பொறுத்திருக்கும். நிகழ்ச்சியைப் பார்க்கிற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டும்போது பவுனுவை உதாரணம் காட்டினார்கள்.

அந்த மார்கழியில் ஆவுடையப்பன் பேசப் பேச ஊர் நடந்தது. கயிற்றைக் கழுத்தில் கட்டாதீர்கள், நெஞ்சையும் இடுப்பையும் சுற்றிக் கட்டுங்கள் என்றார். மறுநாள் காலையில் கயிற்றுக் கடை வாசலில் கூட்டம் தெருவை அடைத்தது, கடைக்காரர் அதற்கு மேல்கயிறு என்று பெயரே வைத்துவிட்டார். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் நின்றே செருமுங்கள், உள்ளே இருப்பவர்கள் மின்விசிறியை நிறுத்தட்டும் என்றார். ஊர் ஆண்களெல்லாம் சொந்த வீட்டு வாசலில் நின்று செருமக் கற்றுக்கொண்டார்கள். வெட்டவெளியில் வைத்து 'வாக்கிங்' என்ற சொல்லை உச்சரிக்காதீர்கள், கிணற்றுக்கு வலை போடுங்கள், மாட்டைக் கறக்கும்போது பாட்டுப் பாடுகிறவர்கள் தாழ்ந்த குரலில் பாடுங்கள் என்றார். மின்வாரியத்துக்காரர்கள் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, பொதுமக்கள் மின்கம்பிகளுக்கு அடியில் தங்கள் பிராணிகளைச் சந்தோஷப்படுத்த வேண்டாம் என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போனார்கள். கோபுரத்துக்கு மேலே மாடு போகலாமா என்று கோயிலில் கூடிப் பேசி, போகலாம், ஆனால் வலமாகப் போகவேண்டும் என்று முடிவானது. மாடுகளும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டன.

கறிக்கடை சேவியருக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஷ்டமாகிவிட்டது. வெட்டுவதற்காகக் கட்டியிருந்த கிடாயின் தாடையை அவர் பழக்கதோஷத்தில் சொரிந்துவிட, அது அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மெல்ல எழும்பி அவருடைய நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் தூக்குவாளியைக் கையில் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அன்று சேவியர் அதை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அடுத்த வாரத்திலிருந்து கறி வெளியூரிலிருந்து வந்தது.

கல்யாணம் பேசுகிறவர்களும் மாறிவிட்டார்கள். ஜாதகம் பொருந்தியிருக்கிறது, நகை பேசியாகிவிட்டது, எல்லாம் சரிதான், அந்த வீட்டு மாடு எவ்வளவு உசரம் போகும் என்று கேட்டார்கள். மாடு ஒரு வாசற்படி உயரம்கூடப் போகாத வீட்டில் பெண்ணைக் கொடுக்க எந்தத் தகப்பனுக்கும் மனது வரவில்லை. ரமீசா டீச்சரின் வெள்ளைப் பூனை தென்னை மரத்துக் குலைக்கு மேலே போய் நின்றதைப் பார்த்த பிறகு, அதுவரை டீச்சரைக் கறார்க்காரி, சிரிக்கத் தெரியாதவள் என்று சொல்லித் திரிந்த பெற்றோர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அவள் வீட்டுக்கு டியூஷனுக்குப் போய் அண்ணாந்து பார்த்தபடியே வாய்ப்பாடு படித்தார்கள்.

மனுஷர் ஏன் மேலே போவதில்லை என்று டீக்கடையில் ஒருநாள் பேச்சு வந்தது. முதல் பேரன் பிறந்தவன் போகவில்லை, வேலை கிடைத்தவன் போகவில்லை, காதலித்தவளையே கட்டிக்கொண்டவன்கூட மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் இருந்தான். கடைசியில் டீ ஆற்றுகிறவர் சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது: நாம் சிரிக்கும்போதே பின்னால் வேறு என்னத்தையாவது நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதுகள் அப்படி நினைப்பதில்லை. ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு, வேறு என்னத்தையோ நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பவுனு தரையில் இருந்தது.

முதலில் யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் மரியாதைக்குப் பேசாமலிருந்தார்கள். பிறகு ஒரு சாயங்காலம், கிளிக்குச் சளி பிடித்திருக்கிறது என்று போன் செய்த ஒரு அம்மாள், யோசனையைக் கேட்டுக்கொண்டபிறகு, வெகு பிரியமாக, "ஏன் சார், நம்ம பவுனுவுக்கு உடம்பு சரியில்லையா, எப்பப் பார்த்தாலும் தரையிலயே இருக்கே?" என்று கேட்டுவிட்டாள். ஆவுடையப்பன் விரலை நீட்டினார், மடக்கினார். நேரம் முடிந்தது என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாளும் எதற்கும் குழம்பாத மனுஷன் குழம்பிப்போனார். பவுனுவை மேசைமேல் நிறுத்தி, ஈறைப் பார்த்தார், காதைப் பார்த்தார், முதுகெலும்பைக் கணுக்கணுவாகத் தடவிப் பார்த்தார். கல்மாதிரி ஆரோக்கியமாக இருந்தது. ஆட்டெலும்பு வாங்கிப் போட்டார். பந்து வாங்கிப் போட்டார். குளக்கரைக்குக் கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டார். அது ஓடியது, கொக்கை விரட்டியது, திரும்பி அவரிடம் வந்தது, வந்து நாலு காலையும் ஊன்றி நின்றது. பிரிந்திருந்தால் ஏங்கும் என்று நினைத்து, வேலையே இல்லாமல் சங்கரன்கோவிலில் மைத்துனன் வீட்டில் போய்த் தங்கிவிட்டுத் திரும்பினார். பஸ்ஸிலிருந்து இறங்கி வேகமாக நடந்தார். வாசல் கேட்டைத் திறந்தார். பவுனு ஓடிவந்து, அவருக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டதுபோல் நின்று, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. வால் அடித்த அடியில் பக்கத்திலிருந்த துளசித் தொட்டி அதிர்ந்தது. அவர் வாலைப் பார்க்கவில்லை. குனிந்து அதன் பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தாள் நுழையுமா என்று பார்த்தார். நுழையவில்லை.

அவருடைய மனைவி செண்பகவல்லி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் அவளுக்காகவும் எழும்பியதில்லை. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. "வந்த மனுசன் அதுக்கு முகத்தைக் காட்டாம உச்சந்தலையைக் காட்டிக்கிட்டு நிக்கீக. அது என்ன செய்யும்?" என்றாள். அவர் கால் கழுவப் போனார். பவுனு பின்னாலேயே போய்க் குழாயடியில் நின்றது.

ஊர் பேசியது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவர் வீட்டு நாய்க்கு அவரைப் பிடிக்கவில்லை என்றது. டிவியில் தடவுகிறார், வீட்டில் அடிக்கிறார் என்றும் பேசினார்கள். அவர் ஒருநாளும் அதை அடித்ததில்லை. அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்று கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்து, அறுபது வயதுக்காரர், சத்தமில்லாமல் அழுதார். கேபிள் டிவி நடத்துகிற பெலிக்ஸ், அவரை அண்ணாச்சி என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிடாதவன், நிகழ்ச்சியில் பவுனுவைக் காட்டாமல் விட்டுவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். ஆவுடையப்பனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் அவன்மேல் இல்லை. அவர் பயந்தது நிகழ்ச்சி போய்விடும் என்றோ பெயர் கெட்டுவிடும் என்றோ இல்லை. இத்தனை வருஷமாகக் கையால் ஊட்டி, பக்கத்தில் படுக்கவைத்து வளர்த்த ஒரு ஜீவன் தன்னிடம் ஒரு நாழிகைகூடச் சந்தோஷமாக இருந்ததில்லையோ என்றுதான் பயந்தார். அது அப்படித்தான் என்றால் அதைக் கட்டி வைத்துக்கொள்ள தனக்கு என்ன பாத்தியம் என்று நினைத்தார்.

ஆகவே மறுநாள் நிகழ்ச்சியில், செய்தியெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, காமிராவைப் பார்த்துச் சொன்னார். "ஒத்துவராத வீட்டுல ஒரு ஜீவனைக் கட்டிப்போடாதீங்க, அதுக்குப் பிடிச்ச வீட்டைத் தேடிக் குடுங்கன்னு உங்ககிட்ட நான்தான் சொல்லியிருக்கேன். எனக்கும் அதே சட்டம்தான். மாட்டுப் பொங்கல் வரைக்கும் பாக்குதேன். அதுக்குள்ள பவுனு மேல வரலைன்னா, மாவுமில் நவநீதன் வீட்டுல அதை விட்டுருதேன். அங்க பிள்ளைங்க இருக்கு. அங்கயாவது அது சந்தோஷமா இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தபோது செண்பகவல்லி தட்டைச் சத்தமாக வைத்தாள். ஊரில் மாட்டுக்கும் நாய்க்கும் கட்டுகிற கயிற்றில் ஒன்றை வாங்கி இந்த மனுஷர் வாய்க்குக் கட்டவேண்டும் என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். அன்று பவுனு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க, "பொறு" என்றோ "தின்னு" என்றோ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சோறு ஆறிப்போனது. கடைசியில் செண்பகவல்லிதான் வந்து, "தின்னுட்டி" என்றாள்.

மாட்டுப் பொங்கல் வந்தது, வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். விடியும் முன்பே குளத்தில் மாடு குளிப்பாட்டுகிற சத்தம்; நீலமும் சிவப்பும் பச்சையுமாகக் கொம்புகள்; கழுத்தில் கரும்புத் துண்டும் மஞ்சளும் சாமந்தியுமாகத் தொடுத்த மாலைகள். குளத்தங்கரை மைதானத்தில் வீட்டுக்கு ஒரு பானை பொங்கி, சர்க்கரைப் பொங்கலை வாழையிலையில் வைத்து மாட்டின் வாய்க்கு ஊட்டின நேரத்தில், தாரையும் தப்பட்டையும் முழங்கிய நேரத்தில், மாடுகள் எழும்பின. ஒன்று எழும்ப, அதைப் பார்த்து அதன் கன்று எழும்ப, உழவு மாடு எழும்ப, வண்டி மாடு நுகத்தடியோடு எழும்ப, கோயில் காளை பட்டுத்துணி படபடக்க எழும்ப, வானம் முழுக்க வண்ணக் கொம்புகளும் வெள்ளை வயிறுகளுமாகி, சலங்கைகளின் சத்தம் மழைபோல மேலேயிருந்து கீழே விழுந்தது. கீழே குடும்பம் குடும்பமாக மேல்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தி எல்லார் தலையிலும் விழுந்தது. ஆடுகள் மாடுகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போயின, நாய்கள் கொம்புகளை மோந்து பார்த்தன, ரமீசா டீச்சரின் பூனை கோயில் காளையின் முதுகில் போய் உட்கார்ந்துகொண்டது, சுடலியின் குட்டி எங்கே என்றே தெரியவில்லை, அவ்வளவு உயரம். சேவியரின் கிடாய்க்குக்கூட ஒரு மாலை போட்டிருந்தது. ஊர் அன்று பைத்தியம் பிடித்தாற்போல் சந்தோஷமாக இருந்தது, ஆனாலும் மனுஷர்கள் ஒருவரும் தரையை விட்டு எழும்பவில்லை, கயிறு நழுவிவிடக் கூடாதே என்ற நினைப்பு ஒவ்வொருவருக்கும் இருந்தது.

மைதானத்தின் ஓரத்தில் மேடை போட்டு பெலிக்ஸ் நேரலை வைத்திருந்தான். மேடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு நாற்காலி, ஒரு மைக், மேலே பந்தல்கூட இல்லாத திறந்த இடம். பலகை கிடைக்காததால் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். ஆவுடையப்பன் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பவுனு. அதற்கும் செண்பகவல்லி ஒரு சாமந்தி மாலை கட்டிப் போட்டிருந்தாள். மேடைக்குக் கீழே மாவுமில் நவநீதன் தன் பிள்ளைகளோடு நின்றான். கையில் புதுக் கயிறு இருந்தது, அதை அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துவைத்திருந்தான், நல்லவன். ஆவுடையப்பன் செய்தி வாசித்தார். யோசனை சொன்னார், பொங்கலை ஆறவைத்து ஊட்டுங்கள், முந்திரியை எடுத்துவிடுங்கள் என்று. குரல் ஒரே சீராக இருந்தது. நாயை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

கடைசியாக ஒரே ஒரு நேயர் அழைப்பு, அதற்குப் பிறகு பவுனுவைக் கைமாற்றுவது என்று ஏற்பாடு. பெலிக்ஸ் தன் செல்போனை மைக்கின் பக்கத்தில் வைத்தான். பேசியது ஒரு இளம்பெண். வீடு தாழ்ந்த கூரை, தொட்டிலில் கைக்குழந்தை, நாய் சந்தோஷம் தாங்காமல் எழும்பி எழும்பிக் கூரைச் சட்டத்தில் இடித்துக்கொள்கிறது, பிள்ளைமேல் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். "அதைத் தரையிலயே நிக்கவைக்க ஏதாவது வழி உண்டா சார்?"

ஆவுடையப்பனுக்கு இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதில். விரலை நீட்டினார்.

"ரொம்பச் சுலபம்மா. அது உங்களைப் பார்த்து எழும்பின உடனே முதுகைத் திருப்பிக்கிடுங்க. பேசாதீங்க, தொடாதீங்க, கண்ணைக்கூடப் பாக்காதீங்க. அது என்ன குழைஞ்சாலும் சரி. நாலு காலும் தரையில பட்ட பிறகுதான் திரும்பணும், அப்பத்தான் தொடணும், பிஸ்கட்டும் அப்பத்தான். குட்டியில இருந்தே பழக்கினா இன்னும் நல்லது. நாலு காலும் தரையில இருந்தாத்தான் நாம அதுகிட்ட பிரியமா இருப்போம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அதுக்கப்புறம் அது ஆயுசுக்கும் தரையை விட்டு..."

நிறுத்திவிட்டார்.

மேளக்காரர்கள்கூட ஏதோ ஆகிவிட்டது என்று அடிப்பதை நிறுத்தினார்கள். ஆவுடையப்பனின் விரல் நீட்டியது நீட்டியபடி இருந்தது. அந்தச் சட்டத்தை அவர் பவுனுவுக்குக் கற்றுக்கொடுத்தது அது உள்ளங்கை அகலக் குட்டியாக இருந்தபோது. வேட்டியில் தாவிய குட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் வீட்டு வாசலில் எத்தனை தடவை நின்றிருக்கிறார், அது பின்னால் சிணுங்கச் சிணுங்க. எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டது என்று எல்லாரிடமும் பெருமையடித்திருக்கிறார்.

மெல்ல, அன்றைக்கு முதல்முறையாக, திரும்பிப் பவுனுவைப் பார்த்தார். அது அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது, வால் நாற்காலிக் காலை அடித்து அடித்து நாற்காலியே நகர்ந்திருந்தது, நெஞ்சு மேல்நோக்கி இழுத்துக்கொண்டு போனது. ஆனால் நாலு பாதமும் மேடை மண்ணுக்குள் புதைந்திருந்தன. நகங்களால் மண்ணை இறுகப் பற்றி, முழுபலத்தையும் போட்டு அது தன்னைத் தரையில் பிடித்து வைத்திருந்தது. எல்லா நாளும் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தது. குளக்கரையில், கேட்டருகில், குழாயடியில், அவர் குனிந்து குனிந்து பாதத்தைப் பார்த்த நேரத்திலெல்லாம்.

"அம்மா, நான் சொன்னதைச் செய்யாதீங்க" என்று மைக்கில் சொன்னார். "செய்யவே செய்யாதீங்க."

சொல்லும்போதே அவருக்குள் சந்தோஷம் வந்தது. வாழ்நாளில் அப்படி ஒன்று அவருக்கு வந்ததில்லை. அதற்குப் பின்னால் வேறு எந்த நினைப்பும் இல்லை, வீடு இல்லை, ஊர் இல்லை, நிகழ்ச்சி இல்லை, இந்த நாய்க்கு என்னைப் பிடிக்கும், இந்த நாய்க்கு என்னைப் பிடிக்கும் என்ற ஒன்றுதான் இருந்தது. அவருடைய செருப்பு இரண்டும் கழன்று நாற்காலிக்கு அடியில் விழுந்தன. உட்கார்ந்த நிலையிலேயே எழும்பினார், பிறகு காலை நீட்டிக்கொண்டார். பெலிக்ஸ் காமிராவைக் கொஞ்சம் மேலே தூக்கினான். வேட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி செண்பகவல்லி கீழேயிருந்து சைகை காட்டினாள்.

ஆவுடையப்பன் மேலேயிருந்தபடி கையை நீட்டி, "பவுனு, ஏ பவுனு, வாட்டி" என்று கூப்பிட்டார்.

பவுனு அவரை ஒருமுறை பார்த்தது. அவருடைய கால் இரண்டும் தரையில் இல்லை என்பதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆவுடையப்பனும் சிரித்தார், மறுபடி கூப்பிட்டார், கெஞ்சினார், விசில் அடித்தார். அது திரும்பவில்லை. நல்ல நாய், கற்றுக்கொண்டதை எள்ளளவும் மறக்காத நாய். அந்தச் செம்பழுப்பு முதுகைப் பார்த்துக்கொண்டு அந்தரத்தில் நிற்க நிற்க அவருடைய சிரிப்பு நின்றது. ஆசையாகக் கூப்பிட்டு ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. உள்ளங்கை அகலக் குட்டிக்கு அது தெரிந்திருந்தது. அது உறைத்ததும் கனம் வந்துவிட்டது, கீழே இறங்கினார், வெறும் பாதம் மண்ணில் பட்டது.

பட்ட மாத்திரத்தில் பவுனு திரும்பியது. ஓடிவந்தது. ஒரு முழம் முன்னால் நின்றது. கொடுப்பதற்கு அதனிடம் பிஸ்கட் இல்லாததால், ஈரமான மூக்கை அவருடைய உள்ளங்கையில் வைத்தது.

அவர் அத்தனை பேருக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டார். முதல்முறையாக மேல்பட்டனைக் கழற்றினார். பவுனுவின் முன்னங்கால் இரண்டையும் பிடித்து மண்ணிலிருந்து பிடுங்கித் தன் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது பதறி, காலை இழுத்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டதுபோல் காதை மடக்கியது. மறுபடி எடுத்து வைத்தார். மறுபடி இழுத்துக்கொண்டது. "இல்லட்டி, தப்பில்ல. நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்" என்று அதன் காதுக்குள் சொல்லி, மூன்றாம் தடவை வைத்து, முகத்தை விலக்காமல், கண்ணை எடுக்காமல் அப்படியே இருந்தார். பவுனு அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சட்டையில் இரண்டு மண்பாதம் பதிந்தது. பின்னங்கால் ஒன்று தரையை விட்டது. கொஞ்சம் பொறுத்து, அவர் இன்னும் முதுகைத் திருப்பவில்லை என்பது நிச்சயமானதும், மற்றதும் விட்டது.

பல வருஷத்துச் சந்தோஷம் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் எப்படிப் போகும் என்று வெள்ளாரங்கோட்டை அன்று பார்த்தது. பவுனு அவரைக் கட்டிக்கொண்டு, அவர் அதைக் கட்டிக்கொண்டு, மண்டியிட்ட கோலத்திலேயே இரண்டும் எழும்பி, உழவு மாடுகளைத் தாண்டி, கோயில் காளையைத் தாண்டி, டீச்சரின் பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்க்க அதையும் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தன. மேளக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள். நவநீதன் புதுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டினான். செண்பகவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், சிரித்தாள், திரும்பவும் துடைத்தாள். கயிறு கட்ட வேண்டுமே என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

மைக்கின் பக்கத்தில் இருந்த போனில் அந்த இளம்பெண்ணின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "சார்? சார் லைன்ல இருக்கீங்களா?"

செண்பகவல்லி மேடையேறி வந்து போனை எடுத்தாள்.

"இருக்காக தாயி, நல்லா இருக்காக. தொட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டு, நீ போய் அந்த நாயைக் கட்டிப்பிடி."